மரத்துக்குப் பூசிய மருந்து பூஞ்சையைத் தடுக்கிறதா? சோதிப்பது எப்படி?

கேள்வி: வேலிக்கால் நட பைன் மரம் வாங்கியிருக்கிறேன். சிறு துண்டுகளில் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலையும் செம்பு சேர்ந்த மருந்தையும் தனித்தனியே தடவி, ஒரு மாதம் ஈரத்தில் வைத்தேன். போராக்ஸ் தடவியதில்தான் கரும்பூஞ்சை குறைவு. அதையே பயன்படுத்தலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்த்த கரும்பூஞ்சை மேற்பரப்பில் கிடைக்கும் சர்க்கரையைத் தின்று வாழ்வது. அதனால் மரத்தின் வலு பெரிதாகக் குறையாது. மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைகள் வேறு. அவை உள்ளே ஊடுருவி செல்லுலோஸையே தின்னும். வெளியே சுத்தமாகத் தெரியும் துண்டு உள்ளே மக்கியிருக்கலாம். அதனால் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் ஈ.என். 113 என்ற ஐரோப்பிய முறையில், மருந்தேற்றிய துண்டுகளை, ஆய்வகத்தில் வளர்த்த மக்க வைக்கும் பூஞ்சையின் மேல் 16 வாரம் வைப்பார்கள். உலர் எடையில் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த அளவு மருந்து காப்பாற்றுகிறது என்று பொருள். கூடவே மருந்தில்லாத துண்டுகளும் இருக்கும். அவை நன்றாக மக்கியிருந்தால்தான் சோதனையே செல்லும். இல்லையென்றால் பூஞ்சை வேலை செய்யவில்லை, மருந்தைக் குறை சொல்லவும் முடியாது, பாராட்டவும் முடியாது. உங்கள் சோதனையில் வெறும் துண்டு இருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

அதைவிட முக்கியம், தண்ணீர். போரான் உப்பு மரத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. மழையிலும் மண்ணீரிலும் கரைந்து வெளியேறிவிடும். கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு அது நல்ல மருந்து, மண்ணில் நிற்கும் காலுக்கு உதவாது. அதனால் துண்டுகளை முதலில் 14 நாள் நீரில் ஊறவைத்து, இடையிடையே நீரை மாற்றி, உலர்த்திய பிறகே சோதிக்க வேண்டும். செம்பு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் செம்பைத் தாங்கும் சில பூஞ்சைகள் உண்டு. அதனால்தான் வேலிக்கால் மருந்துகளில் அதோடு இன்னொரு பூஞ்சைக்கொல்லியும் சேர்க்கிறார்கள்.

வீட்டில் செய்வதானால் மரத்தின் நடுவிலுள்ள வைரப்பகுதியை விட்டு, அதைச் சுற்றியுள்ள வெளிர்நிற வெளிறில் துண்டுகள் எடுங்கள். வைரத்துக்கு இயல்பாகவே எதிர்ப்பு உண்டு. தடவுவதற்குப் பதில் ஊறவைத்து, ஏறிய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி மண்ணில் புதையும்படி நட்டு, வெறும் துண்டு மக்கும்வரை காத்திருங்கள், மாதக்கணக்கில் ஆகும். மண்மட்டத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், அங்குதான் முதலில் மக்கும். செம்பு ஏறிய துண்டுகளை மட்டும் எரிக்காதீர்கள், சாம்பலில் செம்பு தங்கிவிடும்.