மகனுக்கு வந்த பகுதிநேர வேலை: புகையிலை விளம்பரமா?

கேள்வி: என் மகன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வார இறுதி இசை நிகழ்ச்சிகளில் இளைஞர்களிடம் ஒரு சிகரட் வகையைப் பற்றிப் பேசும் வேலைக்கு ஒருவர் அவனை அழைத்திருக்கிறார். அவனும் இப்போது புகைக்கத் தொடங்கிவிட்டான். புகையிலை விளம்பரம் தடை என்கிறார்களே, இது எப்படி? – ஒரு தாய், ஹட்டன்.

பதில்: அம்மா, அந்த வேலையை உங்கள் மகன் ஏற்கக் கூடாது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. பலகையில் எழுத முடியாததை மாணவன் வாயால் சொல்லவைப்பதும் விளம்பரமே.

சுவரொட்டியைப் பார்த்து மட்டும் எவரும் புகைக்கத் தொடங்குவதில்லை. வீட்டை விட்டு விடுதிக்கு வந்த புதிதில், தன் வயதுடைய ஒருவன் சிரித்துக்கொண்டு நீட்டுவதை மறுக்கத்தான் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அமெரிக்காவில் 2001இல் 119 கல்லூரிகளின் மாணவரிடம் நடத்திய ஆய்வில், 19 வயதுக்கு முன் வழக்கமாகப் புகைத்திராதவர்களுள், இலவச சிகரட் வழங்கிய நிகழ்வுகளுக்குச் சென்றோரில் 23.7 வீதத்தினரும் செல்லாதோரில் 11.8 வீதத்தினரும் புகைப்பவர்களாக இருந்தனர். புகைப்பவர்களே அங்கு போயிருப்பார்கள் என்று சிலர் வாதிடுவர். ஆனால், விளம்பரமே இளையோரைப் புகைக்கத் தூண்டுகிறது என்று அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகவே முடிவு கூறியது.

இப்படி ஆள் சேர்க்க வரும் தரகர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். "சிகரட்டின் பெயரையே சொல்லத் தேவையில்லை, இது வெறும் கருத்துக் கணிப்பு" என்பார்கள். அந்தக் கணிப்புக்கான படிவத்தில் மாணவரின் தொலைபேசி இலக்கமும் அவர் புகைக்கும் வகையும் கேட்கப்பட்டிருந்தால், அது அடுத்த வாடிக்கையாளர்களின் பட்டியல் என்று கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதியையோ "பயிற்சிக் கட்டணம்" என்ற பெயரில் பணத்தையோ கொடுத்துவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் பணமுடையை இவர்கள் நன்றாக அறிந்துதான் வருகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மளிகைக் கடையில் காசாளராக நின்று, 21 வயது நிறைந்தவர் கேட்கும் சிகரட்டை மற்றப் பொருட்களோடு விற்பது விளம்பரமாகாது. கேட்டவருக்கு விலை சொல்வதும் அப்படித்தான். கேட்காதவரிடம் ஒரு வகையைப் புகழ்ந்து பேசவோ, அதற்கெனக் கூலி வாங்கவோ தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

சிகரட் பெட்டியில் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் உதிரியாக ஒன்றிரண்டுதான் வாங்குகிறார்கள், பெட்டியோ கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் இந்த ஓட்டையை அடைக்காமல் இன்னும் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

வேலையின் விபரத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு தரகர் மறைந்துவிடுவார். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்து, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைக்கோ, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ, பொலிசுக்கோ முறையிடுங்கள். தமிழில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி வரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். புகைப்பதை நிறுத்த, பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்து மருத்துவரை மகன் இந்த வாரமே பார்க்கட்டும். ஏற்கனவே கையொப்பம் இட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். சட்டவிரோதமான வேலைக்கு எழுதிய ஒப்பந்தம் அவனைக் கட்டுப்படுத்தாது.