கடல் கடக்கும் ஜப்பான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜப்பானிய இலக்கியத்தையும் மங்கா சித்திரக்கதைகளையும் பிற நாட்டு நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தி வருகிறோம். பழக்கமில்லாத வழக்கங்களையும் பெயர்களையும் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் அவர்கள் எளிதில் உள்ளே வருவார்கள் என்று எங்களில் சிலர் கருதுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: குறைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மங்கா வெளிநாடு சென்ற வரலாறு ஒன்றே இதற்குப் போதுமான சான்று. ஜப்பானியச் சித்திரக்கதையை வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் நோக்கிப் படிக்க வேண்டும். 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் மங்காவை வெளியிட்டவர்களில் பெரும்பாலோர், இந்த வரிசை வாசகர்களை விரட்டிவிடும் என்று அஞ்சி, பக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றி அச்சிட்டார்கள். இதனால் இடது இடுப்பில் வாள் செருகியிருந்த சாமுராய்கள் வலது இடுப்பில் வாளுடன் இடக்கை வீரர்களாக மாறினார்கள். கிமோனோ என்னும் மரபுடைக்கு நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. இடப்பக்க மடிப்பு மேலே வருமாறு உடுத்துவதே ஜப்பானிய வழக்கம். வலப்பக்க மடிப்பை மேலே வைப்பது இறந்தவர் உடலுக்கு உடுத்தும் முறை. ஆகவே, மாற்றி அச்சிட்ட பக்கங்களில் கிமோனோ அணிந்த ஒவ்வொருவரும், மணப்பெண் உட்பட, பிணக்கோலத்தில் காட்சியளித்தார்கள். வாசகருக்கு உதவுவதாக எண்ணிச் செய்த காரியம், ஓவியர் ஒவ்வொரு கோட்டிலும் வைத்திருந்த பொருளைக் கெடுத்துவிட்டது.

2002இல் டோக்கியோபாப் பதிப்பகம் தன் நூல்களை மூல வரிசையிலேயே வெளியிட முடிவு செய்தது. மற்றவர்களும் விரைவில் அவ்வழிக்கு வந்தார்கள். தவறான முனையில் புத்தகத்தைத் திறப்பவருக்கு எங்கே தொடங்க வேண்டும், கட்டங்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று விளக்கும் ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தார்கள். அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. வாசகர்கள் விலகவில்லை, இளைஞர்கள் அந்த வரிசையை மிக இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

திரைப்படத்திலும் இதே கதைதான். இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்கள் அளவுக்கு மீறி ஜப்பானியத் தன்மை கொண்டவை, அயலாருக்கு விளங்கமாட்டா என்று கருதி, அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்ப நீண்ட காலம் தயங்கினார்கள். 1953இல் அவர் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’தான் 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் பிரிட்டிஷ் திரைப்பட இதழ் உலக இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது.

உங்கள் வட்டத்துக்கும் அந்த ஒற்றைப் பக்கத்தையே பரிந்துரைக்கிறேன். பழைய அரசவைக் கதைகளில் மாந்தர்களைப் பெரும்பாலும் இயற்பெயரால் அழைக்காமல் பதவியாலும் வசிப்பிடத்தாலும் குறிப்பிடுவார்கள். பதவி உயர உயர அழைக்கும் முறையும் மாறும். யார் யாருக்கு என்ன உறவு என்று காட்டும் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கதையில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அனிமே என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களைப் பார்த்து ஜப்பான்மீது ஆர்வம் கொண்ட இளைஞர்களைத் தீவிர இலக்கியத்தின் பக்கம் திருப்ப முடியுமா?

பதில்: முடியும்; அதற்கான வழிகளை ஜப்பானியப் படைப்பாளிகளே அமைத்திருக்கிறார்கள். ‘புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்’ என்னும் மங்காவில் அகுதாகவா, தசாய் போன்ற எழுத்தாளர்களின் பெயர்களையே பாத்திரங்கள் தாங்கியிருப்பதால், அதை விரும்பிப் படித்தவர்கள் 1948இல் வெளியான ஒசாமு தசாயின் கடைசி நாவல்களில் ஒன்றான ‘நோ லாங்கர் ஹ்யூமன்’ நூலைத் தேடிச் செல்கிறார்கள். 1958இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் டொனால்ட் கீன். அவர் ஜப்பானிய இலக்கியத்துக்குள் நுழைந்ததற்குக் காரணமும் ஒரு மொழிபெயர்ப்பே. மாணவராக இருந்தபோது, 1940இல், நியூயார்க்கில் மலிவு விலைக்குக் கிடைத்த ஆர்தர் வேலி மொழிபெயர்த்த ‘கெஞ்சி’ என்னும் பழைய ஜப்பானிய அரசவைக் கதை அவருடைய வாழ்நாளின் திசையையே முடிவு செய்தது. வேலி ஓர் அத்தியாயத்தை விட்டுவிட்டார் என்பதும், அவர் ஜப்பானுக்குச் சென்றதே இல்லை என்பதும் உண்மைதான். எனினும் அவர் திறந்த கதவின் வழியாக வந்தவர்கள்தாம் பின்னாளில் குறைகளைத் திருத்தினார்கள் என்பதால், முதல் முயற்சிகளிடம் நாம் நன்றியுடன் நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைக் கொண்ட ‘ஹ்யாகுனின் இஷ்ஷு’ தொகுப்பை அட்டை விளையாட்டாகவே அறிமுகப்படுத்தலாம். ஒருவர் பாடலைப் படிக்கத் தொடங்கியதும், அதன் பின்பகுதி எழுதப்பட்ட அட்டையை மற்றவர்கள் முந்திக்கொண்டு எடுக்க வேண்டும். இவ்விளையாட்டை மையமாகக் கொண்ட ‘சிஹாயாஃபுரு’ அனிமேயைப் பார்த்தவர்களுக்கு விதிகளை விளக்கவே தேவையிருக்காது.

கேள்வி: நண்டும் அவகாடோவும் வைத்துச் சுருட்டிய கலிஃபோர்னியா ரோலை உண்மையான சுஷி (புளிப்பூட்டிய சோற்றுடன் மீன் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யும் ஜப்பானிய உணவு) என்று ஏற்கலாமா?

பதில்: ஏற்கலாம். வட அமெரிக்காவில் பிறந்தது என்று சொல்லிப் பரிமாறினால் போதும். 2006இல் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் திட்டத்தை முன்வைத்தபோது, ‘சுஷி போலீஸ்’ என்று அமெரிக்க நாளிதழ்கள் எதிர்த்தன; திட்டம் கைவிடப்பட்டது. இன்று ஜப்பானியரே விரும்பி உண்ணும் சால்மன் சுஷிகூட, 1980களில் நார்வே தன் பண்ணை மீனை விற்க மேற்கொண்ட முயற்சியால் பரவியதுதான். எனக்கு வருத்தம் தருவது மாற்றம் அன்று, மறைப்பு. போக்கிமான் தொடரின் அமெரிக்க ஒலிப்பதிவில், திரையில் சோற்றுருண்டை தெளிவாகத் தெரியும்போதே அதை ஜெல்லி நிரப்பிய டோனட் என்று சொல்ல வைத்தார்கள். குழந்தைகள் ஒரு புதிய உணவை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அங்கே வீணாகிவிட்டது.

கேள்வி: மீனும் இறைச்சியும் உண்ணாத விருந்தினர்களுக்கு ஜப்பானிய உணவை எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

பதில்: முதலில் தாஷியைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் வேகவைத்த காய்களிலும் மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவற்றின் அடிப்படைச் சாறான தாஷி, பெரும்பாலும் புகையூட்டி உலர்த்திய சூரை மீனின் சீவல்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது. சாப்பிட்ட பிறகு இதை அறிந்துகொள்பவர் மீண்டும் அந்த மேசைக்கு வரமாட்டார்.

இதற்கு மாற்று ஜப்பானிலேயே பல நூற்றாண்டுகளாக உள்ளது. பௌத்த மடங்களில் வளர்ந்த ஷோஜின் சமையலில் மீனுக்கும் இறைச்சிக்கும் இடமில்லை. வெங்காயம், பூண்டு போன்ற கடும் மணமுள்ளவற்றையும் மரபாக விலக்குவார்கள். மடத்துச் சமையற்காரரின் கடமைகளைப் பற்றித் துறவி தோகென் 1237இலேயே தனி நூல் எழுதியிருக்கிறார். அச்சமையலில் தாஷிக்குக் கொம்பு என்னும் கடற்பாசியும் உலர்ந்த ஷீட்டாகே காளானும் போதும். 1908இல் வேதியியலாளர் கிகுனாயே இகெதா, உமாமி என்னும் ஐந்தாம் அடிப்படைச் சுவையின் மூலப்பொருளைப் பிரித்தெடுத்ததும் கொம்புவிலிருந்துதான். ஆகவே மீன் இல்லாததால் சுவை குறையும் என்று தயங்க வேண்டாம். இரண்டையும் முந்தின இரவே குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள். மறுநாள் சூடேற்றும்போது, நீர் கொதிக்கத் தொடங்குவதற்கு முன்பே கொம்புவை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழுவழுப்பும் கசப்பும் சாற்றில் இறங்கிவிடும்.