பட்டனுக்குள் ஒரே பிள்ளைதான்

திருமங்கலம் ஐயாவுக்கு,

"டபிள்யூபிஎஃப் பழசாமே, பாப்பா இதைப் படித்து வேலை கிடைக்குமா?" என்று நேற்று கேட்டீர்கள். பழசுதான், மறைக்கவில்லை. விண்டோஸ் சாஃப்ட்வேருக்குத் திரை அமைக்க உதவும் இந்தக் கருவியை (WPF) மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது 2006-இல். ஆனால் கீழமாசி வீதியில் ஏதாவது ஒரு மொத்தக் கடையில் பில் போடும் திரையை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸில் ஓடும் சாஃப்ட்வேராகத்தான் இருக்கும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

என் கவலை வேறு. டபிள்யூபிஎஃப் திரையில் எது எங்கே என்று எழுதும் மொழி ஸாமல் (XAML). பாப்பா காட்டிய ஸாமல் ஃபைலில் ஒரு பட்டனுக்குள் படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைத்திருந்தாள். எரர் வந்ததும் எங்கிருந்தோ கோடை எடுத்து ஒட்டிவிட்டாள். ஏன் எரர் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இன்டர்வியூவில் இங்கேதான் பிடிப்பார்கள்.

ஸாமலில் எலிமென்ட், அதாவது திரையில் வைக்கும் பொருள், எல்லாம் ஒரே ரகம் இல்லை. பட்டன், செக்பாக்ஸ், ஏன் விண்டோவே கூட, கன்டென்ட் கன்ட்ரோல். உள்ளே ஒரே பிள்ளைக்குத்தான், அதாவது ஒரே எலிமென்டுக்குத்தான், இடம். பாப்பாவுக்கு எரர் வந்தது அதனால்தான். இரண்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஸ்டாக்பேனலைப் போட்டு, இரண்டையும் அதற்குள் வைக்க வேண்டும். பேனல் ரகத்துக்கு எத்தனை பிள்ளையும் இருக்கலாம், உட்கார வைக்கும் விதம்தான் மாறும். ஸ்டாக்பேனல் பந்தி மாதிரி வரிசையாக உட்கார வைக்கும். ராப்பேனல் இடம் தீர்ந்ததும் அடுத்த வரிக்குப் போகும். கிரிட் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்; எந்தக் கட்டம் என்று சொல்லாவிட்டால் எல்லாம் முதல் கட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இதில் மாட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. லிஸ்ட்பாக்ஸ், காம்போபாக்ஸ் எல்லாம் ஐட்டம்ஸ் கன்ட்ரோல், பட்டியலைக் கொடுத்தால் போதும். அப்புறம் ஒரு குறும்புக் கேள்வி உண்டு: வெறும் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்பிளாக், கன்ட்ரோல் ரகமா? இல்லை. சுற்றிக் கோடு போடும் பார்டரும் இல்லை, அது டெக்கரேட்டர், அதாவது உள்ளே இருப்பதை அலங்கரிக்கும் ரகம்.

டபிள்யூபிஎஃப் விண்டோஸில் மட்டும் ஓடும், உண்மை. ஆனால் லினக்ஸ், மேக்கிலும் ஓடும் அவலோனியா என்ற கருவியிலும் ஏறக்குறைய இதே ரகங்கள்தான், பெயர்கூடப் பெரும்பாலும் அதே. அதனால் படித்தது வீணாகாது.

கோர்ஸுக்கென்று பணம் கட்ட வேண்டாம். விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி மாணவர்களுக்கு இலவசம். அரிசி ஆலை எடைச்சீட்டு மாதிரி ஒரு திரையை, டிசைனரில் இழுத்துப்போடாமல், கையால் டைப் அடித்துச் செய்யச் சொல்லுங்கள். வண்டி நம்பர், மொத்த எடை, வண்டி எடை, நிகர எடை, ஒரு பிரின்ட் பட்டன், அவ்வளவு போதும். சனிக்கிழமை வரும்போது லேப்டாப்போடு வரட்டும். பட்டனுக்குள் பிரின்டர் படமும் இருக்கட்டும், மறக்காமல்.