நடுக்கடலில் வெளிநாட்டுக் கப்பலால் பாதிக்கப்பட்ட மீனவர் சர்வதேச நீதிமன்றத்திற்குப் போக முடியுமா?

தனி ஆளாகப் போக முடியாது. அங்கே வாதியும் பிரதிவாதியும் அரசுகள்தான்.

நான் நீரோடிக்காரன். அடுத்த ஊரான பொழியூர் கேரளம். இந்தக் கரையில் இப்படி யார் கேட்டாலும் பேச்சு என்ரிக்கா லெக்சியில்தான் போய் நிற்கும். 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், அந்த இத்தாலிய எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் செயின்ட் ஆண்டனி விசைப்படகில் இருந்த இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் எங்கள் குமரி மாவட்டத்துப் பையன்.

கேரளப் போலீஸ் வழக்குப் போட்டது. அந்தத் தொலைவில் மாநிலத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசே நடத்த வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் இத்தாலி, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்கீழ் நடுவர் தீர்ப்பாயத்தைக் கோரியது. எந்த மன்றத்தை ஏற்கிறோம் என்று ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். இந்தியா கொடுக்கவில்லை. கொடுக்காத நாட்டுக்கு ஐந்து நடுவர்கள் கொண்ட தீர்ப்பாயம்தான். ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவோடு நின்றுவிட்டது.

என்னை இன்றும் உறுத்துவது இதற்குப் பிறகு நடந்ததுதான். அந்த வீரர்களுக்கு விலக்குரிமை, அதாவது வேறு நாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாத பாதுகாப்பு, தரும் விதி எதுவும் உடன்படிக்கையில் இல்லை. அந்த ஐவர் தீர்ப்பாயமே அதை ஒப்புக்கொண்டது. ஆனாலும் அதைத் தொடாமல் வழக்கைத் தீர்க்க முடியாது என்று சொல்லி, அந்தக் கேள்வியையும் தன் அதிகார வரம்புக்குள் எடுத்துக்கொண்டது. அரசுப் பணியில் இருந்தபோது சுட்டவர்கள் என்பதால் இந்தியா அவர்களை விசாரிக்கக் கூடாது என்று 2020இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவாயிற்று. என் மனம் மறுத்த இருவர் பக்கம்தான். ஒரு வணிகக் கப்பலைக் காக்கப் போனவர்களுக்கு அரசின் கவசம் எதற்கு?

அதே தீர்ப்பு, நம் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது என்றும் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தது: இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது.

ஆகவே, பாதிக்கப்பட்டவர்கள் வற்புறுத்த வேண்டியது மத்திய அரசைத்தான். இன்னொரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளம் அந்த நாட்டுக்கு உரிய கடல்) படகு பிடிபட்டு, பிணைத்தொகை கட்டியும் விடவில்லை என்றால், உடனடி விடுவிப்புக் கேட்டு ஹாம்பர்க்குக்குப் போக வழியுண்டு. அந்த மனுவையும் படகின் கொடிக்குரிய நாடோ, அதாவது படகு பதிவான நாடோ, அதன் சார்பில் ஒருவரோதான் கொடுக்க முடியும். அதனால் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் கடலுக்குப் போகாதீர்கள்.