கடலோரக் குடில்களை இடிப்பதா, காப்பதா? கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள்

பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் ஒரு கடற்கரைக் கிராமம். 1970களில் கட்டிய சுற்றுலாக் குடில்கள் அங்கே பூட்டிக் கிடக்கின்றன. இடித்துவிட்டு மூன்று மாடி ரிசார்ட் கட்ட வேண்டும் என்று ஒரு சாரார், பழுது பார்த்துத் திறந்தாலே போதும் என்று மற்றொரு சாரார். கடலோரக் கட்டடங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர் பதில் சொல்கிறார்.

சார், ரிசார்ட் வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே. அதே இடத்தில் மூன்று மாடிக்கு அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. 2019 சி.ஆர்.இசட். (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிக்கைப்படி, ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் கோட்டிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்த ஊரானால் 50 மீட்டர்; அதுவும் புதிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதலான பிறகுதான். அதற்குள் ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், திரும்பவும் கட்டலாம். ஆனால் அடித்தளப் பரப்பும் மொத்தத் தளப் பரப்பும் பழைய அளவைத் தாண்டக் கூடாது. அந்த எல்லைக்கு வெளியே போனாலும் கடற்கரை ரிசார்ட்டுக்குத் தரைத்தளமும் ஒரு மாடியும்தான், உயரம் 9 மீட்டர். மனை 0.4 ஹெக்டேராவது இருக்க வேண்டும். எல்லாத் தளமும் சேர்த்து மனைப் பரப்பில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று மாடிப் படத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

அனுமதியோடு கட்டியது என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது?

முதல் சி.ஆர்.இசட். அறிவிக்கை 1991 பிப்ரவரி 19இல் வந்தது. அதற்கு முன்பே இருந்த கட்டடம் என்று காட்டும் காகிதங்கள் வேண்டும்: பழைய அரசாணை, வரைபடம், வரி ரசீது, மின் இணைப்புத் தேதி. இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இருக்கும் அளவுகளைப் படத்தோடு பதிவு செய்யாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள்.

அண்ணே, பூச்சு உதிர்ந்து கம்பி தெரியுது. இதைப் போய் எப்படிக் காப்பாத்துறது?

கம்பி தெரிவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது தம்பி. துரு ஏறினால் கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே உதிர்ந்தது கொஞ்சமாகவும் உள்ளே கெட்டது நிறையவும் இருக்கலாம். சுத்தியலால் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போங்கள்.

ஃபீனால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தெளித்து, ‘இளஞ்சிவப்பு வந்தது, கட்டடம் நலம்’ என்று சிலர் அறிக்கை கொடுப்பார்கள். நம்பாதீர்கள். அது கான்கிரீட்டின் காரத்தன்மையைத்தான் காட்டும், உப்பைக் காட்டாது. கடலோரத்தில் எமன் உப்புதான். கம்பி இருக்கும் ஆழம் வரை துளையிட்டு, தூள் எடுத்துக் குளோரைடு பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, புதுக் கான்கிரீட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு கன மீட்டருக்கு 0.6 கிலோ. தூணிலும் பீமிலும் அது பல மடங்கு தாண்டியிருந்தால் அந்தக் குடிலை இடித்து அதே அளவில் திரும்பக் கட்டுவதுதான் சரி. கூரைத் தளத்தில் மட்டும் என்றால் காப்பாற்றலாம். குடிலுக்குக் குடில் முடிவு மாறும்.

உதிர்ந்த இடத்தை மட்டும் பூசி மூடினால், ஒட்டின் ஓரத்தில் பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். கம்பிக்குப் பின்னால் 20-25 மி.மீ. கொத்தி, துரு இல்லாத கம்பி வரும்வரை நீளவாக்கில் போக வேண்டும். நாலில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி கட்டுங்கள். கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30க்குக் குறையாமல், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) 45 மி.மீ.; அலைத்துளி படும் பக்கம் எம்35, கவர் 50 மி.மீ. இவ்வளவும் செய்துவிட்டு உப்புப் போர்த்தண்ணீரில் கலந்து கெடுப்பவர்கள் உண்டு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது. நனைப்பதற்கும் லாரித் தண்ணீர்தான்.

தண்ணீருக்கு என்ன வழி? எங்கள் தெருக் கிணறு ஏற்கெனவே கரிக்கிறது.

20 அறை, 40 பேர், ஆளுக்கு 180 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 7,200 லிட்டர். அதை ரிசார்ட் உங்கள் மண்ணிலிருந்து இறைக்க முடியாது அம்மா. உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை, 200 முதல் 500 வரை அனுமதி வேண்டும். காரணம் எளிது: நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் உப்புநீர் மேல் மிதக்கும். மேலே குறையக் குறைய, கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். கழிவுநீரை மணலில் உறிஞ்சுகுழி தோண்டி விடுவதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள், மணல் எதையும் பிடித்து வைக்காது.

வலை காயப்போடும் இடத்தில் வேலி போட்டுவிடுவார்களா?

இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுவழிக்கு 20 மீட்டர் இடைவெளி கட்டாயம். வேலி எதுவானாலும் கரைக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது. படகு ஏற்றும் இடம், வலைக்களம், கருவாட்டுக்களம் மூன்றையும் புல எண்ணோடு கிராம சபைத் தீர்மானத்தில் எழுதுங்கள். ‘மீனவர் நலன் காக்கப்படும்’ என்ற வரி பின்னால் எதற்கும் உதவாது.

குடில்களுக்கு முன்னால் கருங்கல் கொட்டினால் கடல் நிற்குமா?

பின்னால் இருக்கும் நிலம் நிற்கும், முன்னால் இருக்கும் மணல் போய்விடும். மணல் இல்லாத கடற்கரைக்குச் சுற்றுலா எதற்கு? நம் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் குறுக்கே கல் நீட்டினால் தெற்கே சேரும், வடக்கே இருக்கும் ஊர் அரிக்கும். 1306இல் எழுந்த தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியே கடலோடு போயிற்று. அங்கே கல்லுக்கு நியாயம் உண்டு, குடிலுக்கு இல்லை. மணல்மேட்டைச் சமப்படுத்தாமல் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர விடுங்கள். அலைக்கு மிக அருகில் உள்ள வரிசையைத் திறக்காமலே விட்டு, பின்வரிசையை மட்டும் சோதனைக்கு எடுங்கள்.