கேளுங்கள், சொல்கிறேன்: பாபிலோன் ஆற்றங்கரையில் ஒரு கலியாணம்

கேள்வி: போன மாதம் எங்கள் வீட்டுக் கலியாணத்தில் பேண்ட்காரர்கள் பொனி எம்மின் ‘றிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ பாட்டைத் தொடங்கியதும் மண்டபமே எழும்பி ஆடியது. பெரியப்பா மட்டும் “அது வேதாகமச் சங்கீதம், ஆடுற பாட்டில்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னது சரியா? அது பொனி எம்மின் பாட்டுத்தானே?
– வாசகி, உப்புவெளி

பதில்: பெரியப்பா சொன்னது முக்கால்வாசி சரி, தங்கச்சி. பாட்டு பொனி எம் என்ற டிஸ்கோ குழுவுடையது இல்லை. 1970இல் ஜமேக்காவில் மெலோடியன்ஸ் என்ற மூவர் குழு பாடியது அது. எழுதியவர்கள் அந்தக் குழுவிலிருந்த பிரெண்ட் டவ், ட்ரெவர் மக்நோட்டன் இருவரும். சொற்களில் பெரும்பகுதி வேதாகமத்துப் பக்திப் பாடல்களான சங்கீதங்களில் 137ஆவது.

அந்தச் சங்கீதத்தை ஒருக்கால் எடுத்து வாசித்துப் பாருங்கள். எருசலேமை அழித்து, சனங்களைப் பிடித்துக்கொண்டுபோய் பாபிலோனில் விட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிறார்கள், கின்னரங்களை (யாழ் போன்ற நரம்பு வாத்தியங்களை) அலரிச்செடியில் கொழுவிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவனே வந்து, உங்கட ஊர்ப் பாட்டில் ஒன்றைப் பாடுங்கோ பார்ப்பம் என்கிறான். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது என்று இவர்கள் கேட்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் அலரி என்றே இருப்பதால் சின்ன வயதில் எனக்கு பாபிலோன் என்றால் எங்கள் வீட்டுக் கிணற்றடிதான், அங்கேதான் அலரி நின்றது. 1990இல் ஊரைவிட்டு வந்து முகாமில் இருந்தபோது அம்மம்மா பாயில் இருந்தபடி இதை வாசிப்பா, கின்னரம் வருகிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பா. அதே பாட்டு கசெற்றில் டிஸ்கோவாக வந்ததைப் பிறகு கேட்டபோது எனக்கும் உங்கள் பெரியப்பாவின் முகம்தான் வந்தது.

சரி, ஜமேக்காவுக்கு வருவோம். அடிமைகளாக ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் அங்கே பெரும்பாலானோர். அவர்களில் றஸ்தபாரி மார்க்கத்தாருக்கு பாபிலோன் என்பது ஏதோ பழைய நகரம் இல்லை, தங்களை மிதிக்கும் ஆட்சி, பொலிஸ் எல்லாமே பாபிலோன்தான். எத்தியோப்பியச் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி அவர்களுக்குத் தெய்வம். அதனால் சங்கீதத்தில் ‘கர்த்தர்’ என்று இருக்கிற இடத்தில் மெலோடியன்ஸ் ‘கிங் அல்பா’ என்று அவரைப் பாடிவிட்டார்கள். இது கலகப் பாட்டு என்று அரசாங்கம் வானொலியில் போடவிடாமல் தடுத்ததாம், வேதாகமத்தில் உள்ளதைத் தடைசெய்வீர்களா என்று தயாரிப்பாளர் லெஸ்லி கொங் வாதாடியபிறகே விட்டார்களாம். இதை பிரெண்ட் டவ்வே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சங்கீதம் முடிகிற இடம் பயங்கரமானது, பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடியும். பாட்டில் அது இல்லை. அதற்குப் பதிலாக 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை, என் வாயின் வார்த்தைகளும் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாயிருக்கட்டும் என்பதைக் கொண்டுவந்து வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாட்டில் நடந்த மிகப் பெரிய வேலை இதுதான், பொனி எம் செய்ததெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1972இல் ‘த ஹார்டர் தே கம்’ என்ற ஜமேக்கப் படத்தின் இசைத்தட்டில் சேர்ந்து பாட்டு வெளிநாடுகளுக்குப் போனது. 1978இல் ஜெர்மனியில் இசைத் தயாரிப்பாளர் பிராங்க் பரியன் அதை பொனி எம்முக்காக எடுத்தார். ‘கிங் அல்பா’ போய்க் கர்த்தர் திரும்பி வந்தார், அடி டிஸ்கோ ஆனது, எழுதியவர் பட்டியலில் பரியனின் பெயரும் ஏறியது! பிரித்தானியாவில் ஐந்து வாரம் முதலிடம். ஆனால் முன்னால் நின்று பாடிய லிஸ் மிட்செல் ஜமேக்காவில் பிறந்தவர், ஆகவே பாட்டு முழுக்க அந்நியர் கையில் போனது என்றும் சொல்ல முடியாது. அப்புறம் சப்லைம், ஷினேட் ஓ’கொனர் என்று ஆளாளுக்குப் பாடினார்கள். ஷினேட் பாடியதை இரவில் தனியே இருந்து கேளுங்கள், ஆட்டம் வராது.

பெரியப்பாவின் மிச்சக் கால்வாசி? றஸ்தபாரிகள் கும்பிடுவதே மேளம் தட்டித்தான். அதனால் ஆடினது பாவமில்லை. அடுத்த கலியாணத்தில் மெலோடியன்ஸ் பாடியதுபோல மெதுவாக ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், மனுசன் எழும்பி வருவார்.

கேள்வி: ‘பிரவுண் கேர்ள் இன் த றிங்’கும் அப்படி ஒரு சோகப் பாட்டா?
– வாசகர், பாலையூற்று

பதில்: இல்லை ஐயா, அது கரிபியன் பிள்ளைகள் வட்டமாக நின்று நடுவில் ஒருத்தியை ஆடவிடும் விளையாட்டுப் பாட்டு. பொனி எம்மின் ‘றிவர்ஸ் ஒஃப் பபிலோன்’ வந்த அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் வந்தது. வானொலிக்காரர்கள் தட்டைப் பிரட்டிப் போடத் தொடங்க, அதுவும் பிரித்தானியாவில் இரண்டாம் இடம்வரை ஏறியது.

கேள்வி: ‘சுராங்கனி’ இந்தியப் படப் பாட்டு என்று தம்பி அடம்பிடிக்கிறான். பந்தயம் கட்டிவிட்டேன்.
– வாசகர், மூதூர்

பதில்: பந்தயக் காசை வாங்குங்கள். அது எங்கள் இலங்கைத் துள்ளல் பாட்டான பைலா. தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரபலமாக்கியவர் சிலோன் மனோகர் என்று அங்கே பெயர் வாங்கிய எங்கள் ஏ.ஈ. மனோகரன், 2018இல் சென்னையில் காலமானார். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதை எடுத்துப் போட்டார், தம்பி கேட்டது அதைத்தான். அதில் வருகிற ‘மாலு’ சிங்களத்தில் மீன், சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒருத்தன் பாடுகிறான். மூதூரில் இருந்துகொண்டு இது தெரியாமல் போனதற்கு, வென்ற காசில் தம்பிக்கே ஒரு பாரை மீன் வாங்கிக் கொடுங்கள்.