காலையில் நெரிசல், பிற்பகலில் வெறும் நாற்காலி

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இரத்த நாளம்வழி மருந்தேற்றும் தனியார் கிளினிக் ஒன்றின் தாதியர் பொறுப்பாளர் நான். எட்டு நாற்காலி, மூன்று தாதியர். எல்லோருக்கும் காலை 8 மணி என்றே நேரம் கொடுக்கிறோம். 11 மணியாகியும் சிலருக்கு மருந்து தொடங்குவதில்லை. 2 மணிக்குப் பிறகு பாதி நாற்காலி சும்மா கிடக்கிறது. இன்னும் இரண்டு நாற்காலி போட்டால் சரிவருமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். காலையில் உங்களைத் தாமதப்படுத்துவது நாற்காலிக் குறைவு அல்ல. கானுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டு, பிரஷர் பார்த்து, பெயரையும் மருந்தையும் இருவராகச் சரிபார்த்துத் தொடங்க ஒருவருக்கு 15 முதல் 20 நிமிடம் போகும். அப்படியிருந்தும் மூன்று தாதியரும் சேர்ந்தால் எட்டுப் பேரையும் ஒரு மணித்தியாலத்தில் தொடங்கிவிடலாம். மீதி இரண்டு மணித்தியாலமும் இரத்த ரிப்போர்ட்டுக்கும் வைத்தியரின் அனுமதிக்கும் மருந்து கலந்து வருவதற்கும் காத்திருப்பதில்தான் போயிருக்க வேண்டும்.

இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். புற்றுநோய் மருந்து ஏற்றுபவர்களின் எஃப்.பி.சி. (முழு இரத்த அணு எண்ணிக்கை) பரிசோதனையை முதல் நாளே முடித்துவிடுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து வருபவர்கள் தங்கள் ஊர் லாப்பில் செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். உங்கள் நிபுணர் பகலில் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்பவராக இருந்தால், மாலையில் தனியாக நோயாளரைப் பார்க்கும் சேனலிங் நேரத்திலேயே அடுத்த நாள் பட்டியலைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். இரத்த வெள்ளணு குறைந்திருந்தால் நோயாளி ஊரிலேயே இருக்கலாம். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த நோயாளியிடம் "இன்றைக்கு ஏற்ற முடியாது" என்று சொல்வது கொடுமை, தவிர்க்கக்கூடிய கொடுமை.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே நேரம் என்று எழுதாமல் மருந்துக்கு எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ரிட்டுக்சிமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து முதல் தடவை மணிக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் அரை மணிக்கொருமுறை கூட்டப்படும்; 4 முதல் 6 மணித்தியாலம் பிடிக்கும். மூன்று வாரத்துக்கொருமுறை கொடுக்கும் பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்துக்கு 3 மணித்தியாலம், அதற்கு முன் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகள் வேறு. சொலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்துக்குக் குறைந்தது 15 நிமிடம். ஃபெரிக் கார்பொக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் அதற்குப் பிறகு அரை மணி கண்காணிப்பு வேண்டும். இவர்கள் எல்லோரையும் 8 மணிக்கு வரச் சொன்னால் நெரிசல் வராமல் என்ன செய்யும்?

நீண்ட மருந்துகளை 8 மணி முதல் 20 நிமிட இடைவெளியில் தொடங்குங்கள். விடியற்காலையில் பஸ்ஸால் இறங்கும் வெளியூர்க்காரருக்கு இந்த நேரம் பொருந்தும். தெஹிவளை, பம்பலப்பிட்டிக்காரரின் குறுகிய மருந்துகளைப் பிற்பகலுக்குத் தள்ளினால் காலி வீதியின் காலை நெரிசலும் அவர்களுக்கு மிச்சம். முதல் தடவை ஏற்றும் இருவரை ஒரே தாதியிடம் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஏற்றத்தில்தான் வரும். அப்போது அந்தத் தாதி ஒரு நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

மருந்து கலப்பதில் ஒரு எச்சரிக்கை. கலந்தபின் நெடுநேரம் கெடாதவற்றை மட்டும், மருந்தாளரிடம் கேட்டு, முன்கூட்டியே தயாரியுங்கள். விலை கூடியதை நோயாளி வந்து உட்கார்ந்த பிறகே கலக்கச் சொல்லுங்கள்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தை மறக்காதீர்கள். அன்று மூடுவதாக இருந்தால் அன்றைய ஆட்கள் அடுத்த நாளில் வந்து குவிவார்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே அந்த நாட்களைக் குறித்து, அந்த வாரத்துப் பதிவுகளை மற்ற நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள்.